மோட்டார் கேள்வி–பதில்: ஹெடர் எங்கே இடிக்கிறது, எப்போது இடிக்கிறது?

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): என்னிடம் 2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி 1.5 விடெக் கார் உள்ளது. இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் கம்பெனி மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக 4-2-1 வகை (நான்கு குழாய்கள் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேரும்) ஸ்டெயின்லெஸ் ஹெடர் ஒன்றைச் சென்ற மாதம் போட்டேன். நின்ற இடத்தில் பார்த்தால் எல்லாப் பக்கமும் விரல் நுழைகிறது. ஆனால் வீட்டு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது ரேடியேட்டர் ஃபேன் கூட்டில் ‘டக்’ என்று இடிக்கிறது. இரண்டாம் கியரில் முழுக்க மிதித்தால் வண்டிக்கு அடியில் குறுக்குச் சட்டத்தில் இடிக்கும் ஓசை வருகிறது. குழாய்களைச் சூடாக்கி இரண்டு இடத்தில் தட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். தட்டலாமா?

பதில்: தட்டுவதைப் பற்றிப் பிறகு பேசுவோம். இன்ன இடத்தில் இடிக்கிறது என்று மட்டும் எழுதாமல், எந்த நேரத்தில் இடிக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது.

உங்கள் காரில் இன்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கிறது. புகை வெளியேறும் பக்கம் முன்னால், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. முன்சக்கரங்களை முன்னோக்கி உருட்டும்போது அதற்கு எதிர்விசையாக இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து பின்பக்கமாகச் சாய முயல்கின்றன: தலைப்பகுதி ஓட்டுநரை நோக்கி வரும், அடிப்பகுதி முன்னோக்கி நகரும். அதனால்தான் இரண்டாம் கியரில் மிதிக்கும்போது ஹெடரின் கீழ்ப்பகுதி போய்க் குறுக்குச் சட்டத்தில் மோதுகிறது. ரிவர்ஸில் இதெல்லாம் தலைகீழ்; தலைப்பகுதி ரேடியேட்டர் பக்கம் சாய்கிறது, மேற்குழாய்கள் ஃபேன் கூட்டைத் தொடுகின்றன. நின்ற இடத்தில் விரல் நுழைகிறது என்பதற்கு, ஆகவே, பெரிய பொருள் ஒன்றும் இல்லை. ஹெடர் வாகனத்தின் உடலோடு சேர்ந்ததன்று, இன்ஜினோடு சேர்ந்தது. இன்ஜின் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு அதுவும் ஆடும்.

எனவே முதல் விசாரணை, இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்களைப் பற்றியது. இருபது ஆண்டுகளைத் தாண்டிய காரில் அவை இறுகியோ, வெடித்தோ, இன்ஜினின் எடைக்கு அமுங்கியோ போயிருக்கும். கை பிரேக்கைப் போட்டு, பிரேக் மிதியில் ஒருவரை உட்காரவைத்து, பானெட்டைத் திறந்துவிட்டு, முதல் கியரிலும் பிறகு ரிவர்ஸிலும் கிளட்சை இம்மியளவு விடச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் காருக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக் கூடாது, பக்கவாட்டில் மட்டுமே நிற்க வேண்டும். நல்ல ரப்பராக இருந்தால் இன்ஜின் ஒருமுறை சாய்ந்து நிற்கும். ரப்பர் போயிருந்தால் தொட்டில்போல ஆடும். அப்படி ஆடினால் ஹெடரைத் தொடவே வேண்டாம்; மவுண்டிங்குகளை முழு செட்டாக மாற்றிவிட்டு மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். பழைய ரப்பர் அமுங்கி இன்ஜின் சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் புதிய ரப்பர் அதை மேலே தூக்கிவிடும், அடியில் இடிப்பதும் அதனாலேயே நின்றுவிடக்கூடும். ரப்பருக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் போடச் சொல்லிச் சிலர் வற்புறுத்துவார்கள். ஆட்டம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் கத்திப்பாரா நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நிற்கையில் ஸ்டீயரிங் வழியாகக் கைக்கு வரும் நடுக்கத்தைத் தினமும் பொறுத்துக்கொள்ள முடியுமா என்று யோசித்துவிட்டுப் போடுங்கள்.

மவுண்டிங் சரியாக இருந்தும் இடித்தால் இடைவெளியை அளக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்தும் கருவியைக் கேட்டால் சிரிப்பீர்கள்: சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்த மாவைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, வறண்ட மாவில் புரட்டி, சந்தேகமுள்ள இடத்தில் சட்டத்தின் மீதும் ஃபேன் கூட்டின் மீதும் ஒட்டிவையுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கிளப்பி, முன்பு சொன்னதுபோல இரண்டு கியரிலும் ஒருமுறை சாயவிட்டு, அரை நிமிடத்துக்குள் அணைத்துவிடுங்கள். அமுங்கிய மாவின் கனம்தான் ஹெடரும் சட்டமும் மிக நெருங்கிய நேரத்தில் மிஞ்சிய இடைவெளி. அதற்கு மேல் ஓடவிட்டால் மாவு வெந்துவிடும், அளவும் கிடைக்காது. மாவில் குழாயின் வளைவு அப்படியே பதிந்திருக்கும். எந்தக் குழாய், எந்தக் கோணத்தில் தொடுகிறது என்பதையும் அதிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

மாவு காட்டும் அளவு குளிர்ந்த உலோகத்தின் அளவு என்பதையும் மறந்துவிடக் கூடாது. இன்ஜினில் பூட்டும் தலைப்பக்கத் தகடான ஃபிளாஞ்சிலிருந்து, குழாய்கள் ஒன்றுசேரும் கலெக்டர் வரை 600 மி.மீ. நீளமுள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மி.மீ. நீளும், சாதாரண இரும்புக் குழாய் அதைவிடச் சற்றுக் குறைவாக, 4 மி.மீ. வரை நீளும். ஒரு முனை இன்ஜினில் இறுகியிருப்பதால் அந்த நீட்சி முழுவதும் மறுமுனையில்தான், அதாவது உங்கள் குறுக்குச் சட்டத்துக்கு அருகில்தான் வந்து சேரும். அண்ணாநகர் தெருக்களில் ஓசையே எழுப்பாத ஹெடர், இருங்காட்டுக்கோட்டைப் பந்தய ஓடுதளத்தில் நான்கு சுற்று வந்ததும் தட்டத் தொடங்குவது இதனால்தான். நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: இன்ஜின் முழுக்கச் சாய்ந்த நிலையில், குளிர்ந்த அளவில், அசையாத உலோகப் பாகங்களுக்கு 12 மி.மீ.; ஃபேன் இறக்கை உள்ள பக்கம் 25 மி.மீ. ரப்பர், பிளாஸ்டிக், ஒயர் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு, அது வேறொரு வாசகருக்கான பதிலில் வருகிறது.

இடைவெளி குறைவு என்று தெரிந்த பிறகும் சுத்தியலுக்கு முறை வரவில்லை. ஹெடரைப் பூட்டிய விதத்தை ஒருமுறை பாருங்கள். தலைப்பக்க நட்டுகளை முதலில் முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு பின்குழாயை இழுத்து வளைத்துக் கலெக்டரோடு சேர்ப்பது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. அப்படிப் பூட்டிய ஹெடர் ஒரு பக்கமாக இழுபட்டே நிற்கும். ஒரு பக்கம் 20 மி.மீ. இடைவெளி வீணாகக் கிடக்கும், மறுபக்கம் இடிக்கும். எல்லா நட்டு போல்ட்டுகளையும் தளர்த்தி, கலெக்டருக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கவைத்து, பின்குழாயை அதன் ரப்பர் கொக்கிகளில் தளர்வாகத் தொங்கவிட்டு, தலைப்பக்கத்தை நடுவிலிருந்து இருபுறமும் படிப்படியாக இறுக்கி, கலெக்டர் இணைப்பைக் கடைசியாக இறுக்குங்கள். காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். உங்கள் வண்டியில் ஹெடருக்கும் பின்குழாய்க்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த இரண்டு போல்ட்டுகள் இருந்தனவா, இப்போதும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். இன்ஜின் சாய்வதற்கு இடம் கொடுக்கும் மூட்டு அது. ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் இன்ஜினின் ஆட்டம் முழுவதும் ஹெடரில் இறங்கும். இன்று இடிக்கும், நாளை வெல்டிங் விடும்.

இதற்கும் அடங்காவிட்டால் எதை வெட்டுவது என்ற கேள்வி வருகிறது. மேலே இடிக்கும் இடத்துக்கு என் விடை எளிது: ஃபேன் கூட்டின் பிளாஸ்டிக் விளிம்பு இறக்கையைத் தாண்டி நீண்டிருந்தால் அதில் கொஞ்சம் அரிந்துவிடலாம், அல்லது தடிமன் குறைந்த ஃபேன் ஒன்றை வாங்கிப் போடலாம். ஃபேன் சிறியதாகும்போது காற்றின் அளவு குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மே மாதச் சென்னையில் ஏசியோடு சிக்னலில் நிற்கும் கார் அதற்கு உடனே பதில் சொல்லிவிடும். கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் மட்டும் யாரும் கை வைக்க விடாதீர்கள். வண்டியின் எடையையும் விபத்தின் அடியையும் தாங்குகிற பாகம் அது.

இனிக் குழாயைத் தட்டுவது. 38 மி.மீ. வெளிவிட்டமும் ஒன்றரை மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாயின் ஒரு பக்கத்தை 5 மி.மீ. ஆழத்துக்குச் சப்பையாக்கினால் உள்ளே உள்ள வழியில் ஏறக்குறைய 9 சதவீதம் போகும். 10 மி.மீ. ஆழத்துக்குப் போனால் 24 சதவீதம் போகிறது. ஆழம் இரண்டு மடங்குதான், இழப்போ இரண்டரை மடங்குக்கு மேல். ஆகவே ஓரிடத்தில் 4, 5 மில்லிமீட்டர் என்றால் நான் தடுக்க மாட்டேன். ஓட்டும்போது வித்தியாசம் தெரியாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்த ஹெடர் உங்கள் வண்டிக்கான ஹெடர் அல்ல. தட்டுவதென்றால் ஹெடரைக் கழற்றி வெளியே எடுத்து, அந்த இடம் மட்டும் செக்கச்சிவக்கும்வரை கேஸ் டார்ச்சால் காய்ச்சி, உருண்டை முனையுள்ள கருவியை வைத்து அழுத்தித் தட்ட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் காரில் ஒரு பட்டறையில் குளிர்ந்த குழாயையே சுத்தியலின் விளிம்பால் நாலு போடு போட்டார்கள். அன்றைக்கு இடிப்பது நின்றது. ஆறு மாதம் கழித்து அந்த மடிப்பின் ஓரமாகவே, நகக்கீறல் போல, ஒரு விரிசல் ஓடியிருந்தது.

என்னைக் கேட்டால், 5 மில்லிமீட்டருக்கு மேல் தேவைப்படும் இடத்தில் குழாயை வெட்டி, வேறு வளைவு வைத்து ஒட்டுவதுதான் மரியாதையான வழி. வளைவின் உட்புறம் சுருங்காமல், குழாய்க்குள் தாங்கு வைத்து வளைக்கும் மாண்ட்ரல் முறையில் வளைத்த துண்டாக அது இருக்க வேண்டும். ஹெடரை வண்டியிலேயே பூட்டிவைத்து, மாவு வைத்து அளந்து, புள்ளி புள்ளியாக மட்டும் ஒட்டிக்கொண்டு, பிறகு கழற்றி முழு வெல்டிங் செய்ய வேண்டும். வண்டியில் வைத்து ஒட்டும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஆர்கான் வெல்டிங். குழாயின் உள்ளேயும் ஆர்கான் வாயுவைச் செலுத்தச் சொல்லுங்கள். அதைச் செய்யாவிட்டால் ஒட்டின் உட்புறம் வெல்லப்பாகு பொங்கிக் காய்ந்ததுபோலச் சொரசொரப்பாகி, அந்த இடமே பிற்காலத்தில் விரிசலுக்கு வாசலாகும். முழு வெல்டிங்கின்போது ஃபிளாஞ்சைக் கனமான தகட்டிலோ கைவிடப்பட்ட பழைய சிலிண்டர் ஹெட்டிலோ பூட்டிவைப்பது நல்லது, இல்லையேல் சூட்டில் அது முறுக்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் நேர்விளிம்பை வைத்து, மெல்லிய தகடுகளால் இடுக்கை அளக்கும் ஃபீலர் கேஜால் பாருங்கள். கோணியிருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முகம் சமன்செய்துவிட்டுப் புதுப் பேக்கிங்கோடு பூட்டுங்கள். அங்கே புகை கசிந்தால் ஓசை மட்டுமல்ல தொல்லை: கசிவின் வழியே உள்ளே இழுபடும் காற்றை ஆக்சிஜன் சென்சார் தவறாகப் படித்து, தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டச் சொல்லும்.

கேள்வி (பெசன்ட் நகர் வாசகர்): ஹெடர் எதையும் தொடவில்லை; ஆனால் மிக நெருக்கமாக இருப்பதால் வெப்பத்துக்குப் பயந்து கண்ணாடியிழைத் துணி சுற்றலாம் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: நெருக்கம்தான் உங்கள் கவலை என்றால் அந்தத் துணி அதைக் கூட்டவே செய்யும். ஒரு சுற்று ஒன்றரை மில்லிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றின் மேல் ஒன்று பாதியளவு ஏறும்படி சுற்றுவதால் 3 மி.மீ. ஆகிறது, அது எல்லாப் பக்கமும் இடைவெளியைத் தின்றுவிடும். மேலும் நீங்கள் இருப்பது கடலோரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருத் தண்ணீர் துணியில் ஏறி, உப்பை உள்ளே விட்டுவிட்டு ஆவியாகும். சாதாரண இரும்பு ஹெடராக இருந்தால் துணியை அவிழ்க்கும் நாளில் துருச் செதில்களாக உதிர்வதைப் பார்ப்பீர்கள். ஸ்டெயின்லெஸ்ஸும் உப்புக்குத் தப்பியதல்ல. சூட்டோடு உப்பு சேர்ந்தால் அதிலும் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் உலோகத்தின் சூடும் கூடுவதால்தான் பல ஹெடர் தயாரிப்பாளர்கள் துணி சுற்றினால் உத்தரவாதம் கிடையாது என்று எழுதிவைக்கிறார்கள்.

பந்தயத்துக்கு மட்டும் எடுக்கும், மழையில் நனையாத வண்டிக்கு அது பொருந்தலாம். உங்களுக்கு நான் சொல்வது, காப்பாற்ற வேண்டிய பொருளின் பக்கத்தில் ஒரு மெல்லிய அலுமினியத் தகடு. அதை ஹெடரிலும் ஒட்டாமல், அந்தப் பொருளிலும் ஒட்டாமல், வாஷர்களை அடுக்கி இரு பக்கமும் காற்று போக வழிவிட்டுப் பூட்டுங்கள். பளபளப்பான தகடு வெப்பக் கதிரைத் திருப்பிவிடும், பின்னால் உள்ள காற்று மீதியை எடுத்துச் செல்லும். செலவழிக்க மனமிருந்தால் ஹெடருக்கு செராமிக் பூச்சு. அது இடத்தை அடைத்துக்கொள்ளாது.

கேள்வி (தாம்பரம் வாசகர்): எங்கள் காரில் புகை வெளியேறும் பக்கம் பின்னால், ஓட்டுநர் பக்கத் தடுப்புத் தகட்டை ஒட்டி இருக்கிறது. ஹெடர் போட்டதிலிருந்து நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் வாடை வருகிறது. இடிக்கும் சத்தம் எதுவும் இல்லை.

பதில்: சத்தமில்லாத இந்தத் தொல்லையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். உங்கள் காரில் முன்னோக்கி மிதிக்கும் ஒவ்வொரு முறையும் இன்ஜின் தலை பின்னால் சாய்ந்து ஹெடரைத் தடுப்புத் தகட்டின் பக்கம் கொண்டுபோகிறது. அங்கேதான் பல கார்களில் பிரேக் குழாய்களும், ஸ்டீயரிங் ரேக்கின் ரப்பர் உறைகளும், ஒயர் கட்டும் இருக்கின்றன. வண்டி நன்றாக ஆறியபின் விளக்கைப் பிடித்து அவற்றை விரலால் தடவிப் பாருங்கள். நல்ல ரப்பர் மீள்தன்மையோடு இருக்கும். சுட்ட ரப்பர் பளபளப்பாக இறுகியோ பிசுபிசுத்தோ இருக்கும், வளைத்தால் வெடிப்பு தெரியும். ரப்பரும் ஒயரும் ஹெடருக்கு 50 மில்லிமீட்டருக்குள் இருந்தால் இடம் மாற்றிக் கட்டுங்கள். மாற்ற முடியாதவற்றுக்கு முன்சொன்ன தகட்டைப் போடுங்கள். பிளாஸ்டிக் டேக்குக்குப் பதில் உலோகக் கிளிப்பால் கட்டுங்கள். உருகும் டேக் ஒயரை ஹெடரின் மீதே இறக்கிவிடும்.

பிரேக் பக்கத்தை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதியதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறினால் 140. நம் ஊர்க் காற்றில் ஈரம் ஏறுவதற்குப் பஞ்சமில்லை. ஹெடர் அருகே போகும் பிரேக் குழாயில் பழைய ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே தகடு போடுவதோடு பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். இது முடியும்வரை காரை நெடுஞ்சாலைக்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி (கொளத்தூர் வாசகர்): ஹெடர் போடுவது சட்டப்படி குற்றமா? போலீஸ் பிடிக்குமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். ஓசை, புகை வரம்பை மீறினால் 190ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. சில கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே வருகிறது. ஹெடர் போடும்போது அதுவும் போய்விடும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது 1995 ஏப்ரல் முதலே கட்டாயம். அதை எடுத்துவிட்ட வண்டி புகைச் சோதனையில் தேறுவது கடினம். ஓடுதளத்துக்கென்று தனி வண்டி வைத்து அதில் ஹெடர் போடுங்கள், அதை டிரக்கில் ஏற்றியே கொண்டுபோங்கள். ஒரே வண்டிதான் என்றால் கம்பெனி மேனிஃபோல்டையும் கன்வெர்ட்டரையும், ஸ்பிரிங் போல்ட்டுகளோடு சேர்த்து, எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டுப் பிறகு புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி அலைந்தவர்களின் கடிதங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன.